வெள்ளைத்தாளில் ஒரு பொறுப்பேற்பு

2022 நவம்பர் 4 அன்று திருவனந்தபுரத்தில் உள்ள ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பொறுப்புத் துணைவேந்தராகச் சிசா தாமஸ் வந்தார். மாணவர் அமைப்பினரும் ஊழியர்களும் வழிமறித்தார்கள். காவல்துறைப் பாதுகாப்போடுதான் உள்ளே போக முடிந்தது. பதவியேற்றதற்குக் கையெழுத்திட வேண்டிய பதிவேடு அவர் கைக்கு வரவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பொறுப்பேற்றதாக எழுதிக் கையெழுத்திட்டார்.

ராயகிரியில் இருக்கும் எனக்கு இது தூரத்துச் செய்தியாகப் படவில்லை. எங்கள் மேற்கு மலையைத் தாண்டினால் கேரளம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1939இல் திருவனந்தபுரத்தில் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது, செங்கோட்டைக்காரர்களுக்கு அது தங்கள் அரசின் கல்லூரி. சென்னை மாகாணத்தில் இருந்த எங்களுக்கோ கிண்டி. ஒரு பேருந்துப் பயண தூரத்தில் இரண்டு கல்வி வரலாறுகள். இரண்டிலும் பெண்களின் பங்கைத் தேடினால் அவை கிண்டியில் ஒன்றுசேர்கின்றன.

1940இல் லலிதா கிண்டியில் சேர்ந்தார். பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டில் கைம்மை, கையில் ஒரு பெண்குழந்தை. அப்பா சுப்பாராவ் அங்கேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் கேட்டதால் கதவு திறந்தது என்பதையும் மறக்க வேண்டியதில்லை. அந்தக் குடும்பமும் சாதியும் இல்லாத ஒரு கைம்பெண்ணுக்கு யார் போய்க் கேட்டிருப்பார்கள்? அடுத்த ஆண்டு கேரளத்திலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள்: லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா. பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சிட்டிருந்த ‘ஹீ’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘ஷீ’ என்று கையால் எழுதித் தந்ததாகச் சொல்வார்கள். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ஒரு மாநிலத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியப் பெண் அவர்.

ஆக, பொறியாளர் நாற்காலி கிடைத்தது. பொறியியலைக் கற்பிக்கும் நிறுவனத்தின் தலைமை நாற்காலிக்கு இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. (‘துணைவேந்தர்’ என்ற நம் சொல்லிலேயே ஒரு வேந்தர் உட்கார்ந்திருக்கிறார், பார்த்தீர்களா? வேந்தருக்குப் பெண்பால் சொல் யாருக்கும் சட்டென்று நாவில் வராது.)

கேரளம் தன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை 2014இல் தொடங்கியது. முதல் துணைவேந்தர் ஆண். 2019இல் எம்.எஸ். ராஜஸ்ரீ வந்தார். பொறியியல் பேராசிரியராக இருந்து மாநிலம் முழுவதுமுள்ள பொறியியல் கல்லூரிகளுக்குத் தலைமை ஏற்பது சிறிய காரியமில்லை. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் எல்லாம் அந்த ஒரு கையெழுத்தின் கீழ் வருபவை. மூன்றரை ஆண்டுக்கும் மேலாக அந்த வேலையைச் செய்தார். 2022 அக்டோபர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அவருடைய நியமனம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்பளித்தது. காரணம் அவருடைய தகுதிக்குறைவு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி தேடுதல் குழு மூன்று முதல் ஐந்து பெயர்கள் கொண்ட பட்டியல் தர வேண்டும். குழு தந்ததோ ஒரே ஒரு பெயர்.

அந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். ஒற்றைப் பெயர் போகிற இடத்தில் அந்தப் பெயர் பெரும்பாலும் ஆணுடையதாகத்தான் இருக்கும் என்பதை வரலாறு தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். பட்டியல் நீளமானால் நமக்குத்தான் நல்லது. ஆனால் கணக்கை ஒருமுறை பாருங்கள்: ஒரு பெயரை மட்டும் எழுதியது குழு, அதை ஏற்று நியமித்தது ஆளுநர் அலுவலகம், பதவியை இழந்தது ராஜஸ்ரீ. இரண்டே நாளில் ஆளுநர் ஆரிப் முகமது கான் இதே தீர்ப்பைக் காட்டி ஒன்பது துணைவேந்தர்களைப் பதவி விலகச் சொன்னார். மாநில அரசுக்கும் ஆளுநருக்கும் நடந்த சண்டைக்கு அந்தத் தீர்ப்பு ஆயுதமானது.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் சிசா தாமஸ் வந்தார். அரசு பொறுப்பைத் தரச் சொன்னது வேறொருவருக்கு, டிஜிட்டல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சஜி கோபிநாத்துக்கு. ஆளுநர் அதை மறுத்து, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தில் மூத்த இணை இயக்குநராக இருந்த சிசாவை நியமித்தார். ஆளுநர்கள் பல்கலைக்கழகங்களில் நுழைந்து செய்யும் அரசியலைத் தமிழ்நாட்டில் நாமும் நன்றாக அறிவோம். அதை எதிர்த்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபம் ஏன் ஒரு பேராசிரியையின் பதிவேட்டின்மேல் விழுந்தது என்பதுதான் புரியவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் செய்த முனைவர் ஆய்வு, கணினி வலையமைப்புக்குள் அத்துமீறி நுழைவதைக் கண்டறியும் முறைகள் பற்றியது. அன்றைய செய்திகளில் யாரும் இதைப் பேசியதாக நினைவில்லை. ‘யாருடைய ஆள்?’ என்பதுதான் கேள்வியாக இருந்தது.

அடுத்து நடந்ததை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 2023 பிப்ரவரி இறுதியில் அரசு சிசாவை மூத்த இணை இயக்குநர் பதவியிலிருந்து மாற்றியது. அந்த இடத்தில் உட்காரவைக்கப்பட்டவர் ராஜஸ்ரீ. தீர்ப்பில் நாற்காலி இழந்த பெண்ணும், அந்த நாற்காலிக்கு வந்த பெண்ணும்! அவர்களுக்குள் என்ன பகை இருந்திருக்கப் போகிறது? கோப்பில் அது இடமாற்ற உத்தரவு. பார்த்தவர்களுக்கு ஒரு காயை இன்னொரு காயால் வெட்டிய மாதிரி இருந்தது. பெண்ணும் பெண்ணும் மோதுவதாக ஊர் பேசும் கதைகளில் பலகையை யார் போட்டது என்று கேட்கிறவர்கள் குறைவு.

அந்த மார்ச் 31 அன்று சிசா பணி ஓய்வு பெற்றார். அரசின் அனுமதியில்லாமல் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றதாக அவர்மேல் நடவடிக்கை தொடங்கியிருந்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசு உச்ச நீதிமன்றம்வரை போயும் அது நிற்கவில்லை. ஓய்வூதியப் பலன்களுக்கும் அவர் வழக்காடித்தான் வாங்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு வேலைபார்த்த ஒரு பெண்ணின் ஓய்வூதியம் நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை, சத்துணவு அமைப்பாளரோ பள்ளி ஆசிரியையோ உள்ள எந்த வீட்டிலும் கேட்கலாம். அதிகார மோதல்களைப் பற்றிய கட்டுரைகளில் இந்த வரி வராது.

2025 டிசம்பரில், உச்ச நீதிமன்றத்தின் நெருக்குதலுக்குப் பிறகு அரசும் புதிய ஆளுநரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். டிஜிட்டல் பல்கலைக்கழகத்துக்கு சஜி கோபிநாத்; தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு சிசா தாமஸ், இம்முறை முழுநேரத் துணைவேந்தராக.

மலைக்கு இந்தப் பக்கம் கிண்டிக் கல்லூரியை உள்ளடக்கி அண்ணா பல்கலைக்கழகம் 1978இல் உருவானது. சிவலிங்கம், குழந்தைசாமி, அனந்தகிருஷ்ணன் என்று தொடங்கி வேல்ராஜ் வரை அதன் முழுநேரத் துணைவேந்தர் வரிசையில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. வேல்ராஜின் பதவிக்காலம் 2024 ஆகஸ்டில் முடிந்தது. தேடுதல் குழுவை யார் அமைப்பது என்ற தகராறில் நாற்காலி நெடுநாள் காலியாகவே கிடந்தது. எங்கள் தென்காசி மாவட்டத்திலிருந்து போய்ப் படிக்கும் பெண்பிள்ளைகள் பலருக்கும் அந்தப் பல்கலைக்கழகம்தான் சான்றிதழ் தருகிறது. அதில் இப்போது எதையும் அடித்து எழுத வேண்டியதில்லை. கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் யாருடைய பெயர் வரும் என்பதற்கான பட்டியலில், மூன்றோ ஐந்தோ, எத்தனை பெண்களை எழுதுகிறார்கள் என்று அடுத்த தேடுதல் குழு உட்காரும்போது நாம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.