லெக்சிங்டன் பண்ணை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகருக்கு அருகே, சுமார் ஆயிரம் ஏக்கர் நிலத்தின் நடுவே 1935-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட போதைப்பண்ணை, ஆஸ்பத்திரியாகவும் சிறைச்சாலையாகவும் ஒருங்கே விளங்கியது. அபினியையும் மார்பினையும் கட்டுப்படுத்திய 1914-ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டத்துக்குப் பின்னர், அவற்றுக்கு அடிமையானவர்களால் சிறைகள் நிரம்பலாயின. அவர்களைப் பிரித்து வைத்துச் சிகிச்சை செய்யும் நோக்கத்துடன் 1929-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பலனே இந்தப் பண்ணை. தண்டனை பெற்றவர்களும், தாமாகவே வந்து சேர்ந்தவர்களும் இங்கே பால் கறந்தார்கள், பயிரிட்டார்கள், துணி தைத்தார்கள்.

இதன் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் ஆப்ரகாம் விக்லர் என்னும் மனோவைத்தியர், பல மாதங்களாக மருந்தைத் தொடாமல் தேறிவிட்ட மனிதன் மீண்டும் அதனிடமே ஓடுவது ஏன் என்ற கேள்வியை ஆராய்ந்தார். பழைய ஊரையும், மருந்து வாங்கிய தெருமுனையையும் கண்ட மாத்திரத்தில், ஏன், அதைப்பற்றிப் பிறர் பேசக் கேட்ட மாத்திரத்திலேயே, அவனுக்குக் கொட்டாவியும் கண்ணீரும் மூக்கொழுகலுமாக, மருந்தை நிறுத்திய நாட்களின் உபாதைகள் திரும்பக்கூடும் என்பதை விக்லர் கவனித்து, இது பழக்கத்தால் உடலில் பதிந்துவிட்ட எதிர்வினை என்று விளக்கினார். ஒழுக்கக்கேடு என்று உலகம் நிந்தித்து வந்த ஒன்றை வியாதியாக நோக்க வழிகாட்டிய இக்கருத்தை, பண்ணையின் தலைசிறந்த கொடையென்றே நான் கருதுகிறேன். அதே ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஹாரிஸ் இஸ்பெல்லின் ஆய்வுகளோ, தூக்க மருந்தான பார்பிட்டுரேட்டையும் மதுவையும் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகலாம் என்பதை ஐயமின்றி நிலைநாட்டின.

ஆயினும், இத்தனை அறிவும் எவருடைய தேகத்திலிருந்து பெறப்பட்டது? சோதனைக்கு உடன்பட்ட கைதிகளுக்குத் தண்டனைக் குறைப்போ, அவர்கள் விரும்பினால் மார்பினோ ஹெராயினோ கூலியாக அளிக்கப்பட்டது. எந்தப் பசியிலிருந்து மீட்பதற்காக அவர்களை அங்கே வைத்தார்களோ, அந்தப் பசியையே விலையாகக் காட்டிப் பெற்ற சம்மதத்தைச் சம்மதம் என்று ஏற்க என் மனம் ஒருப்படவில்லை. 1950-களில், மத்திய உளவு நிறுவனத்தின் ஆதரவோடு, எல்.எஸ்.டி. என்னும் மருந்தை ஏழு பேருக்கு இஸ்பெல் 77 நாட்கள் இடைவிடாமல் கொடுத்து வந்ததை எண்ணும்போது, அந்த மறுப்பு இன்னும் உறுதிப்படுகிறது. போதைமருந்தைக் கூலியாகக் கொடுப்பது அக்கால வழக்கமே என்று 1975-இல் செனட் விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு கைதிகள்மீதான சோதனைகள் நிறுத்தப்பட்டன.