ஒரு எடிட்டிங் டேபிள், நாலு தலைமுறை

'ஆடுகளம்', 'பரதேசி', 'காக்கா முட்டை', 'விசாரணை'. இந்த நாலுல ஒண்ணையாவது நீங்க பார்த்திருப்பீங்க. நாலையும் எடிட் பண்ணவர் ஒரே ஆள், கிஷோர். இன்னைக்கு அவரைப் பத்திப் பேசணும்னா, நான் 1950-கள்ல இருந்து ஆரம்பிக்கணும்.

'பராசக்தி' 1952-ல வந்தது. இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. இதில் பஞ்சு எடிட்டரும்கூட. 'பஞ்சாபி'ங்கிற பேர்ல எடிட் பண்ணுவார். இவங்ககிட்ட உதவி எடிட்டரா வேலை கத்துக்கிட்டவர்தான் பீம்சிங். பின்னாடி 'பாசமலர்', 'பாவமன்னிப்பு' எல்லாம் எடுத்தாரே, அதே பீம்சிங். அவரோட மகன் பி. லெனின். லெனினும் வி.டி. விஜயனும் ஜோடியா 'நாயகன்', 'ஜென்டில்மேன்' எடிட் பண்ணாங்க; 'காதலன்' படத்துக்குத் தேசிய விருதும் வாங்கினாங்க. அவங்ககிட்ட 21 வயசுல வேலைக்குச் சேர்ந்தவர் கிஷோர்.

இப்படி ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வேலை எப்படிப் போச்சு? அதுக்கு ஃபிலிம் கணக்கு கொஞ்சம் தெரியணும். 35 எம்எம் ஃபிலிம் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம்னா 13,500 அடி. எடுத்தது அதைவிடப் பல மடங்கு இருக்கும். எடிட்டர் மூவியோலாவில் ஓட்டிப் பார்த்து, பென்சிலால் குறிச்சு, வெட்டி, டேப் போட்டு ஒட்டுவார். "இந்த ஷாட் இன்னும் ரெண்டு ஃபிரேம் இருக்கட்டும்"னு இயக்குநர் சொன்னா, வெட்டிப் போட்ட துண்டை உதவியாளர் தேடி எடுக்கணும். சலிப்பான வேலைதான். ஆனா அப்படித் தேடும்போதே எந்த ஷாட் ஏன் வேண்டாம்னு போச்சு, ஏன் திரும்ப வந்ததுன்னு அவருக்குப் புரிஞ்சிடும். பள்ளிக்கூடமே அந்த டேபிள்தான்.

1994-ல் வந்த 'மகாநதி', இந்தியாவில் அவிட் கணினியில் எடிட் செய்யப்பட்ட முதல் படங்களில் ஒன்று. அடுத்த சில வருஷத்துல கத்திரியும் டேப்பும் காணாமப் போச்சு. கிஷோர் வந்தப்போ டேபிள் கணினியா மாறிட்டிருந்தது. ஆனா மூத்தவர் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக் கத்துக்கிற பழக்கம் மாறலை. அவரும் பல வருஷம் அப்படி உட்கார்ந்தார்.

2009-ல் 'ஈரம்' படத்தைத் தனியா எடிட் பண்ணார். அடுத்து 'ஆடுகளம்', அதுக்குத் தேசிய விருது. அந்தச் சேவல் சண்டையை யோசிச்சுப் பாருங்க. சேவல், அதைக் களத்துல விடுற கை, சுத்தி நிக்கிற கூட்டத்தோட முகம் எல்லாம் தனித்தனித் துண்டுகள். எதை எவ்வளவு நேரம் காட்டணும்னு ஒருத்தர் முடிவு பண்ணதாலதான் நமக்கு மூச்சு முட்டுது. அங்க எடிட்டர் இருக்கிறதே நமக்குத் தோணாது. நல்லா செஞ்சா கண்ணுல படாத வேலை இது.

2015-ல் 'விசாரணை' எடிட்டிங்கில் இருந்தபோது கிஷோர் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கட்டு. மார்ச் 6-ம் தேதி இறந்தார். வயசு 36. வேலைதான் காரணம்னு நான் சொல்ல வரலை. அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. எனக்கு உறுத்துறது வேற. பஞ்சுவில் ஆரம்பிச்சு அவர்வரை வந்த பாடத்தை, அவர் தன் பேர்ல செஞ்சு காட்டக் கிடைச்சது வெறும் ஆறு வருஷம்தான். பக்கத்துல உட்கார்ந்து அவர்கிட்ட கத்துக்க வேண்டியவங்களுக்கும் அவ்வளவுதான்.

'காக்கா முட்டை' அவர் போன மூணு மாசத்துல தியேட்டருக்கு வந்தது. 'விசாரணை' அந்த செப்டம்பர்ல வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போச்சு. 2016 மார்ச்சில், சிறந்த எடிட்டிங்குக்கான தேசிய விருது 'விசாரணை'க்கு அறிவிக்கப்பட்டது. கிஷோருக்கு ரெண்டாவது தேசிய விருது. வாங்க அவர் இல்லை.

அடுத்த தடவை 'விசாரணை' பார்த்தா, டைட்டில் ஓடும்போது தள்ளிவிட்டுடாதீங்க. படத்தொகுப்புன்னு வர்ற இடத்துல அந்தப் பேரை ஒரு தடவை படிச்சிட்டு, அப்புறம் படத்துக்குப் போங்க.