நைல் நதித் துலாவும் தீவகத்துக் கிணறும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே புங்குடுதீவைச் சேர்ந்த ஊர்களுள் ஒன்று இறுப்பிட்டி. இவ்வூருக்கு ஆறும் இல்லை, அருவியும் இல்லை. நாற்புறமும் உப்புக்கடல். ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் ஓயும் மாரி மழை ஒன்றே இங்கு நீர்ச்செல்வம். அந்த மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளூடே இறங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. ஆண்டின் எஞ்சிய மாதங்களுக்கெல்லாம் அதுவே முதல்.

அந்த நீரை மேலே கொணர முன்னோர் கையாண்ட கருவி துலா. ஆடுகால் இரண்டை நட்டு, அவற்றின் நடுவே நீண்ட மரத்தைப் பொருத்தி, ஒரு முனையிற் கொடியும் பனையோலைப் பட்டையும் கட்டுவர். தோட்டத்திற்கு இறைக்குங்கால் ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்றுவாயில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவார். மற்றொருவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்பிவிடுவார். விடியுமுன் தொடங்கும் அவ்வேலை வெயில் ஏற முடிந்துவிடும்.

இத்தகைய கருவி தமிழருக்கு மட்டும் உரியதன்று. நைல் நதிக்கரை எகிப்தியரும் அதனை நன்கு அறிந்திருந்தனர். இன்றும் அறபு மொழியில் அதற்கு ஷாதூஃப் என்று பெயர். துலாவின் பின்முனையில் களிமண் உருண்டையைப் பாரமாகப் பொருத்தியதால், மிதிப்பாரின்றி ஒருவரே நின்று நீர் முகக்க அவர்களுக்கு இயன்றது. கி. மு. 13ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ராம்சேஸ் மன்னன் காலத்தில் வாழ்ந்த இபுய் என்னும் சிற்பியின் கல்லறைச் சுவரில், தோட்டக்காரன் ஒருவன் துலாவினால் நீர் இறைக்கும் காட்சி தீட்டப்பட்டிருக்கின்றது. இபுய் வாழ்ந்த ஊர் இன்று தேர் எல் மதீனா எனப்படும். அரசர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்க்கென வறண்ட மலையடியில் அமைந்த ஊர் அது. அங்கே குடிக்க நீர் கிடையாது. கழுதைகளின் முதுகில் ஏற்றிப் பள்ளத்தாக்கிலிருந்து நீர் கொண்டுவந்து கொடுக்கத் தனி ஆட்கள் இருந்தனர். அவர்களைப் பற்றிய குறிப்புகள் அவ்வூரில் அகப்பட்ட ஓட்டுத் துண்டுகளிலும் கற்சில்லுகளிலும் காணப்படுகின்றன. தண்ணீருக்குத் தவம் கிடந்த ஊரவன் மறுமைக்கென வரைவித்த காட்சி, நீர் பாயும் தோட்டம்! பவுசர் வண்டியை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த தீவகத்தார்க்கு அந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை.

எனினும் எகிப்தின் நீர்நிலை வேறு. அக்காலத்தில் ஆண்டுதோறும் கோடையில் நைல் பெருகியது. கரைகட்டிய பெருநிலப் பாத்திகளில் அவ்வெள்ளத்தை ஏற்றுத் தேக்கி, மண் நனைந்து வண்டல் படிந்தபின் வடியவிட்டு விதைத்தனர். எலிபன்டைன் தீவில் படிக்கட்டுச் சுவரில் அளவுக் கோடுகள் பொறித்து வெள்ளத்தின் உயரத்தைக் கணித்தனர். அதைக்கொண்டு விளைவும் வரியும் மதிக்கப்பட்டன.

வடிகாலிலும் அவர்கள் வல்லவர்கள். அபுசிர் என்னுமிடத்தில் சாகுரே மன்னன் கி. மு. 25ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பிரமிட்டுக் கோயிலை, 1902 முதல் 1908 வரை ஜெர்மானியரான லுட்விக் போர்ஹார்ட் அகழ்ந்தார். அங்கே தகடாக அடித்து வளைத்த செம்புக் குழாய்கள் நிலத்தின் கீழே புதைந்திருந்தன. சடங்கு நீர் விழும் கற்றொட்டிகளை ஈயத்தக்கையால் அடைத்துத் திறக்கலாம். திறந்தால் நீர் குழாய்வழியே புறத்தே ஓடிவிடும். கூரையில் விழுந்த மழையோ சிங்கமுக வாய்கள்வழியே வெளியேறியது. மழை அரிதான நாட்டில் மழையை வெளியே தள்ள இவ்வளவு ஏற்பாடு! மழையையன்றி வேறொன்றறியாத தீவகத்திலோ வயல் வரம்பை உயர்த்தியும் கேணியும் குளமும் தோண்டியும் ஒவ்வொரு துளியையும் நிலத்துள் நிறுத்த முயன்றனர். ஆற்றை நம்பியவர்க்கும் வானத்தை நம்பியவர்க்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இம்முயற்சி ஏன் உயிர்ப்பிரச்சினை ஆயிற்று என்பதை நிலத்தின் அமைப்பு காட்டும். தீவின் அடியில் ஊறிய நன்னீர், தன்னிலும் கனமான கடல்நீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. இதற்குரிய கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடன் கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியே கண்டனர். கடல்மட்டத்திற்குமேல் நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதனை மறுபுறமாக நோக்கினால் அச்சம் தரும்: மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்தால், உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறலாம்.

துலாவின் அருமை இங்கேதான். பட்டை பட்டையாகவே அது முகக்கும். மிதிப்பவர் களைத்தால் இறைப்பும் நிற்கும். அந்த இடைவேளையில் கிணறு ஊறிக்கொள்ளும். கைபனையோ ஹெர்ஸ்பர்க்கையோ அறியாத கமக்காரனுக்கு, அவன் உடற்களைப்பே அளவுகோலாய் அமைந்தது. 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிற் பரவின. உழைப்பு குறைந்தது உண்மை. துலா மிதித்துத் தேய்ந்த கால்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் இயந்திரத்திற்குக் களைப்பில்லை. அளவுமீறி இறைத்த இடங்களிற் கிணறு உவர்த்தது. ஒருமுறை உவர்த்த கிணறு திரும்ப இனிக்கப் பல மாரி வேண்டும். 1990களில் போரினால் மக்கள் இடம்பெயர்ந்தபோது தீவகக் கிணறுகள் பல இறைப்பாரின்றித் தூர்ந்தன. பின்னர் 2024இல் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது.

நீரைப் பகிர்வதில் இரு நாட்டாரும் காட்டிய கண்டிப்பு குறிப்பிடத்தக்கது. இறந்தவன் மறுமையில் தான் செய்யவில்லை என்று நீதிபதிகள்முன் மறுத்துரைக்க வேண்டிய குற்றங்களுள், ஓடும் நீரைத் தடுத்தலையும் எகிப்தியர் சேர்த்தனர். யாழ்ப்பாணத்தார் அதனை மறுமைக்கு விடாமல் இம்மையிலேயே எழுதி வைத்தனர். காணி உறுதிகளில் நிலத்தின் எல்லையோடு கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும் தனியே குறிக்கப்படும். தந்தையின் கிணறு பிள்ளைகளிடையே பங்காகும்; பங்கிற்கேற்ப இறைப்பு முறையும் வரும். துலா சாய்ந்து ஆடுகால் விறகான பின்னரும், உறுதி எழுதுவோர் அந்தப் பங்கையும் வாய்க்காலையும் விடாது எழுதியே வருகின்றனர்.