ஐம்பதும் அறுபதும்: கிட்டப்பாவின் சுருதி

எங்கள் வீட்டுக் கிட்டப்பா வேகமாகப் பாடுவார். அவருடைய குரல் ஆணுடையதா பெண்ணுடையதா என்று சிறுவயதில் எனக்கு நிச்சயமில்லை. எண்பதுகளில் பெரியப்பா தம்மாமில் வேலை பார்த்தார். தென்காசியிலிருந்து மின்சாரத்தில் ஓடும் பழைய ரிக்கார்டு பிளேயர் ஒன்றையும் தாத்தாவின் இசைத்தட்டுகள் சிலவற்றையும் அங்கே கொண்டுபோயிருந்தார். பேட்டரியில் ஓடும் டேப்ரிக்கார்டரை அதன் முன்னால் வைத்துப் பதிந்து, ஷார்ஜாவிலிருந்த எங்களுக்கு ஒரு கேசட் கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டில் அந்தக் கேசட்தான்.

அப்பாவுக்கும் பாடும் ஆசை உண்டு. வள்ளலாரின் பாடலைக் கிட்டப்பா விருத்தமாகப் பாடிய தட்டு வரும்போது கூடவே தொடங்குவார். குரல் மேலே ஏறும் இடத்தில் நிறுத்திவிடுவார். "அது தெய்வக் குரல்லா. நமக்கெல்லாம் எட்டுமா?" என்பார். சில வருடங்களில் பாடுவதையே விட்டுவிட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேசட்டைக் கணினிக்கு மாற்றினேன். ஒப்பிட்டுப் பார்க்க, அதே தட்டைச் சேகரிப்பாளர்கள் இருவர் தனித்தனியாக மாற்றிய பிரதிகளும் கிடைத்தன. மூன்றும் மூன்று சுருதியில் இருந்தன. சேகரிப்பாளர்களின் பிரதிகளுக்குள் ஹார்மோனியத்தில் கறுப்பு வெள்ளை சேர்த்து எண்ணினால் ஒரு கட்டை வித்தியாசம். எங்கள் கேசட்டோ அவற்றில் உயர்ந்ததைவிடவும் மூன்று கட்டை மேலே. வேகத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1.2 மடங்கு. கணினித் துறையில் இருப்பவனுக்கு இப்படி ஒரு எண் வந்தால் சும்மா இருக்க முடியாது. 60ஐ 50ஆல் வகுத்தால் 1.2.

இந்தியாவிலும் அமீரகத்திலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சவூதியில் 60. அந்தக் கால ரிக்கார்டு பிளேயர்களில் பலவற்றின் மோட்டார், மின்சாரத்தின் அலைவெண்ணைப் பிடித்துக்கொண்டே சுழலும். இந்தியாவில் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய தட்டு தம்மாமில் ஏறக்குறைய 94 சுற்றியிருக்கிறது. பேட்டரியில் ஓடிய டேப்ரிக்கார்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேகமாக வந்த பாட்டை உண்மையாகப் பதிந்துகொண்டது. மூன்று நிமிடப் பாட்டு இரண்டரை நிமிடத்தில் முடிந்தது. நாலு கட்டையில் பாடியிருந்தால் எங்களுக்கு அது ஐந்தரைக் கட்டையாகக் கேட்டிருக்கும்.

இத்தனை பெரிய பிழையை வீட்டில் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. காரணம் கிட்டப்பாவின் புகழ்தான். 1906இல் செங்கோட்டையில் பிறந்து, கன்னையா கம்பெனி மேடைகளில் பெயர் பெற்று, 1933 டிசம்பரில் 27 வயதில் மறைந்தவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட் வரை குரல் போய்ச் சேர வேண்டும். அதற்கு உச்சத்தில் பாடித்தான் ஆக வேண்டும். அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம் வாசிக்க, அவர் எட்டிய உயரங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எட்டாத குரல் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, எட்டாத குரல் கேசட்டில் வந்தபோது சந்தேகம் ஏன் வரப்போகிறது?

சரி, 1.2ஆல் வகுத்துவிட்டால் உண்மையான கிட்டப்பா கிடைத்துவிடுவாரா? இல்லை. 78 என்ற எண்ணே அவ்வளவு உறுதியானதல்ல. ஆரம்ப காலத்தில் எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையில் பல வேகங்களில் தட்டுகள் பதிவாயின. 1920களில்கூட 80 சுற்றில் பதிந்த கம்பெனிகள் உண்டு. 78க்குப் பதிந்ததை 73.6இல் ஓட்டினால் சுருதி சரியாக ஒரு கட்டை இறங்கும். சேகரிப்பாளர்களின் இரண்டு பிரதிகளும் முரண்படுவது இப்படித்தான்.

மேற்கத்திய இசையில் இதற்கு ஒரு பிடிமானம் உண்டு. கரூசோ 1902 ஏப்ரலில் மிலான் ஓட்டல் அறையில் பாடிய தட்டுகளுக்கு, அச்சிட்ட இசைக்குறிப்பில் உள்ள சுருதி வரும்வரை வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். அதுவும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. உச்ச சுரத்துக்கு அஞ்சும் டெனர் பாடகர்கள் முழுப் பாடலையும் அரைச்சுரம் இறக்கிப் பாடுவது அங்கே பழைய வழக்கம். நம் இசையில் எழுதிவைத்த சுருதியே கிடையாது. பாடகருக்கு வசதியான இடமே ஷட்ஜம்.

நமக்கு இருக்கும் சாட்சி ஹார்மோனியம். அதன் கட்டைகளுக்கு இடையில் சுருதி கிடையாது. தட்டின் ஷட்ஜம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுந்தால் வேகம் தவறு என்று பெரும்பாலும் சொல்லலாம். ஆனால் மேல் கட்டையா கீழ்க் கட்டையா என்பதை அது சொல்லாது. அதற்குக் காதைத்தான் நம்ப வேண்டும். வேகம் கூடினால் கமகங்கள் நடுங்கும், உயிரெழுத்துகள் ஒடுங்கி ஒலிக்கும். குறைந்தால் சொற்கள் இழுபடும். ஒரே காலத்தில் பதிந்த பல தட்டுகளை வரிசையாகக் கேட்டு எங்கே எல்லாம் ஒத்துவருகின்றன என்று பார்ப்பது இன்னொரு வழி.

காலப்பிரமாணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். மேடையில் ரசிகர்கள் கேட்கக் கேட்க வளர்ந்த விருத்தம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே சரியான வேகத்தில் கேட்டாலும் நாம் கேட்பது கொட்டகையில் பாடிய கிட்டப்பாவை அல்ல. மெழுகு முடிவதற்குள் முடித்தாக வேண்டும் என்று பாடிய கிட்டப்பாவை. எங்கள் வீட்டில் அந்த அவசரத்தின் மேல் சவூதி மின்சாரத்தின் அவசரமும் ஏறியது. அவருடைய பாவம் என்று நான் நினைத்திருந்த துடிப்பில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு மோட்டாருடையது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திருத்திய பிரதியைப் போன விடுமுறையில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "என்னல, கிட்டப்பாவுக்கு வயசாயிட்டோ?" என்றார். விளக்கினேன். பெரியப்பாவின் ரிக்கார்டு பிளேயர், ஐம்பது, அறுபது எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மறுபடியும் போடச் சொன்னார். வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தபோது அவர் குரல் நிற்கவில்லை. எழுபத்தாறு வயதுக் குரல். நடுங்கியது, ஆனால் எட்டியது.

முடிந்ததும், "பழைய கேசட்டையும் வச்சிரு" என்றார். வைத்திருக்கிறேன்.