பணியிடப் பாதுகாப்புப் பணிகளை வெளி ஆலோசகர்களிடம் ஒப்படைத்தல்: காரணங்களும் வரம்புகளும்

பணியிடத்தில் நேரும் விபத்துகளையும் தொழில்சார் நோய்களையும் தடுப்பது ஒவ்வொரு வேலையளிப்பவரின் சட்டக் கடமையாகும். இக்கடமையை நிறைவேற்றத் தேவையான ஆய்வு, அளவீடு, பயிற்சி, ஆவணத் தயாரிப்பு ஆகிய பணிகளை நிறுவனங்கள் பலவும் வெளி ஆலோசகர்களிடம் ஒப்படைக்கின்றன. இவ்வாறு ஒப்படைப்பதற்கான காரணங்கள், அதனால் விளையும் நன்மைகள், அதன் வரம்புகள், வேலையளிப்பவரும் தொழிலாளரும் கவனிக்க வேண்டியவை ஆகியன இப்பக்கத்தில் விளக்கப்பட்டுள்ளன.

ஒப்படைக்கப்படும் பணிகள் எவை?

பொதுவாகப் பின்வரும் பணிகள் வெளி ஆலோசகர்கள் அல்லது வெளி நிறுவனங்கள் மூலம் மேற்கொள்ளப்படுகின்றன:

• பணியிடத்தில் உள்ள அபாயங்களைக் கண்டறிந்து மதிப்பிடுதல்
• தூசி, இரைச்சல், வெப்பம், வெளிச்சம், வேதிப்பொருள் ஆவி ஆகியவற்றை அளவிடுதல்
• மின்தூக்கி, பாரந்தூக்கி, அழுத்தக் கலன் போன்றவற்றைச் சோதித்துச் சான்று வழங்குதல்
• தொழிலாளர்களுக்குக் கேட்புத்திறன், நுரையீரல் செயல்திறன், இரத்தம் ஆகியவற்றில் பரிசோதனை செய்தல்
• பாதுகாப்புத் தணிக்கை, அவசரகாலத் திட்டம், ஒத்திகை
• முதலுதவி, தீயணைப்பு, பாதுகாப்பு நடைமுறைகள் குறித்த பயிற்சி
• பதிவேடுகள், ஆண்டறிக்கைகள், உரிம விண்ணப்பங்கள் ஆகியவற்றைத் தயாரித்தல்

சட்டப் பின்னணி

இந்தியாவில் ஆலைத் தொழிலாளர்களின் பாதுகாப்பு நெடுங்காலமாகத் தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் கீழ் முறைப்படுத்தப்பட்டு வந்தது. 1984 டிசம்பரில் நிகழ்ந்த போபால் நச்சுவாயுப் பேரிடருக்குப் பின்னர், 1987-இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான உற்பத்தி முறைகளுக்கெனத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட 13 மத்தியச் சட்டங்களை ஒருங்கிணைத்து இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு, 2020, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

இச்சட்டத் தொகுப்பின்படி, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் தொழிற்சாலைகளிலும், அபாயகரமான உற்பத்தி முறையைக் கையாளும் தொழிற்சாலைகளாயின் 250 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ளவற்றிலும், பாதுகாப்பு அலுவலர் நியமிக்கப்பட வேண்டும். தொழிலாளர் எண்ணிக்கை இதனினும் குறைவாக உள்ள நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு அலுவலரை நியமிக்கும் கட்டாயம் இல்லை. ஆயினும், அபாயங்கள் அற்ற பணியிடத்தை அமைத்துத் தரும் பொதுக் கடமையிலிருந்து அவை விலக்குப் பெறுவதில்லை.

நிறுவனங்கள் ஆலோசகர்களை நாடுவது ஏன்?

1. முழுநேர நிபுணரை அமர்த்த இயலாமை

கோயம்புத்தூரில் 60 பேர் பணிபுரியும் ஒரு வார்ப்பாலையை எடுத்துக்கொள்வோம். அங்கு மணல் தூசி, உருகிய உலோகம், கடும் வெப்பம், இரைச்சல், பாரந்தூக்கி ஆகிய அனைத்தும் உண்டு. பெரிய ஆலையில் காணப்படும் அபாயங்களில் எதுவும் இங்குக் குறைவில்லை. அவற்றைக் கவனிக்கத் தனி அலுவலர் மட்டும் இல்லை. இத்தகைய நிறுவனங்கள், ஆண்டில் சில நாள்கள் மட்டும் தேவைப்படும் நிபுணத்துவத்தை வெளியிலிருந்து பெறுகின்றன.

2. அளவீட்டுக் கருவிகளும் பயிற்சியும்

நுரையீரலின் ஆழத்தைச் சென்றடையும் நுண்ணிய சிலிக்கா தூசி கண்ணுக்குப் புலப்படாது. தொழிலாளரின் சட்டையில் பொருத்தப்படும் சிறிய உறிஞ்சு கருவி மூலம் பணிநேரம் முழுவதும் காற்றைச் சேகரித்து, ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்தால்தான் அதன் அளவு தெரியவரும். இரைச்சலும் அவ்வாறே. நாளொன்றுக்கு 8 மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலை விதிகளில் உள்ள வரம்பாகும். பழகிய செவிக்கு இவ்வரம்பு கடக்கப்படுவது தெரியாது; முறையாக அளவுதிருத்தம் செய்யப்பட்ட கருவியே அதனைக் காட்டும்.

3. வெளியாரின் ஆய்வைச் சட்டமே கோருதல்

அபாயகரமான வேதிப்பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு மற்றும் இறக்குமதி விதிகள், 1989, வரையறுக்கப்பட்ட அளவுக்கு மேல் அப்பொருள்களைக் கையாளும் நிறுவனங்களில், அத்தொழில் நடவடிக்கையோடு தொடர்பில்லாத நிபுணரின் உதவியுடன் தணிக்கை நடத்தப்பட வேண்டும் எனக் கூறுகின்றன. அறிக்கை, வேலையளிப்பவரின் கருத்துரையுடன் 30 நாள்களுக்குள் உரிய அலுவலரிடம் அளிக்கப்பட வேண்டும்; ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படவும் வேண்டும். பாரந்தூக்கிகள், அழுத்தக் கலன்கள் போன்றவற்றையும் உரிய அங்கீகாரம் பெற்ற தகுதியுடைய நபரே சோதித்துச் சான்றளிக்க வேண்டும்.

4. பழக்கத்தால் மறையும் அபாயங்கள்

கழற்றி வைக்கப்பட்ட இயந்திரக் காப்பு, அட்டைப் பெட்டிகளால் மறைக்கப்பட்ட அவசர வழி, பெயர்ச்சீட்டு இல்லாத வேதிப்பொருள் கலன் ஆகியவை நாள்தோறும் கண்ணில்பட்டுப் பட்டு இயல்பானவையாகத் தோன்றத் தொடங்கிவிடுகின்றன. புதிதாக வரும் ஒருவர் அவற்றை முதல் நாளிலேயே கவனிக்கிறார். மேலும், மேலாளரிடம் ஊதியம் பெறும் பணியாளர் சொல்லத் தயங்கும் குறையை வெளி ஆலோசகர் எழுத்தில் தர இயலும்.

5. சட்ட மாற்றங்களும் கொள்முதலாளர் நிபந்தனைகளும்

புதிய சட்டத் தொகுப்பையும் அதன் கீழ் வகுக்கப்படும் விதிகளையும் தொடர்ந்து கவனிப்பது சிறு நிறுவனங்களுக்குக் கடினம். திருப்பூர்ப் பின்னலாடை போன்ற ஏற்றுமதித் தொழில்களில், அயல்நாட்டுக் கொள்முதலாளர்கள் கோரும் சமூகத் தணிக்கைகளுக்கும் நிறுவனங்கள் ஆயத்தமாக வேண்டியுள்ளது. இக்காரணங்களாலும் ஆலோசகர்களின் தேவை பெருகியுள்ளது.

தொழிலாளர் நலத்திற்குக் கிடைக்கும் பயன்

விபத்து உடனே தெரியும்; தொழில்சார் நோயோ பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். சிலிக்கா தூசியைச் சுவாசிப்பதால் ஏற்படும் சிலிக்கோசிஸ் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குப் பின்னரே அறிகுறி காட்டும். அதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. காசநோய் தாக்கும் வாய்ப்பையும் அது அதிகரிக்கிறது. இரைச்சலால் ஏற்படும் கேட்புத்திறன் இழப்பும் மீளாதது. நூற்பாலைகளில் பருத்தித் தூசியால் உண்டாகும் பிசினோசிஸ், மின்கலத் தொழிலில் ஏற்படும் ஈய நச்சு ஆகியவையும் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களாகும்.

இந்நோய்களைத் தொடக்க நிலையிலேயே கண்டறிய, காற்றின் தரத்தையும் தொழிலாளரின் உடல்நிலையையும் குறித்த கால இடைவெளியில் அளந்து ஒப்பிட வேண்டும். திறமையான ஆலோசகரின் சிறந்த பங்களிப்பு இதுவேயாகும். ஒரே பிரிவில் பணிபுரியும் பலருக்கு நுரையீரல் செயல்திறன் குறைந்து வருவது தெரிந்தால், நோய் முற்றுவதற்கு முன்னரே அப்பிரிவின் தூசியைக் கட்டுப்படுத்த முடியும்.

ஒப்படைக்க இயலாதது எது?

பணியை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க இயலாது. ஆலையின் நடவடிக்கைகள் மீது இறுதி அதிகாரம் உடையவரை ‘ஆக்குபையர்’ எனச் சட்டம் குறிப்பிடுகிறது. நிறுமமாயின் அதன் இயக்குநர்களுள் ஒருவரே ஆக்குபையராகக் கருதப்படுவார். ஆலோசகருடன் ஒப்பந்தம் செய்துகொள்வதால் அவர் தம் கடமையிலிருந்து விடுபடுவதில்லை. கடமை தவறியதால் தொழிலாளர் உயிரிழக்க நேரிட்டால், இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்பட 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு வகை செய்கிறது.

குறையைக் கண்டறிவது ஒரு செயல். அதனைக் களைவது மற்றொரு செயல். போபால் ஆலையை 1982 மே மாதத்திலேயே தாய் நிறுவனத்தின் நிபுணர் குழு ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்து ஆய்வு செய்து, பாதுகாப்புக் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டி அறிக்கை அளித்திருந்தது. இரண்டரை ஆண்டுகள் கழித்துப் பேரிடர் நிகழ்ந்த இரவில், நச்சுவாயுவைக் கட்டுப்படுத்த வேண்டிய அமைப்புகள் பயன்படும் நிலையில் இருக்கவில்லை. அறிக்கை இருப்பதாலேயே பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் கடுமையான சான்று தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: மூடிய தொட்டிக்குள் இறங்குதல்

தோல் பதனிடும் ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் உள்ள கழிவுநீர்த் தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கக்கூடும். குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் கொண்ட இவ்வாயு, செறிவு மிகும்போது நுகரும் திறனையே மரக்கச் செய்துவிடும். எனவே, நாற்றம் இல்லாமையைப் பாதுகாப்பின் அறிகுறியாகக் கொள்ளலாகாது.

இப்பணிக்கான நடைமுறையை ஆலோசகர் எழுதித் தரலாம். அனுமதிச் சீட்டின் படிவத்தையும் வடிவமைக்கலாம். ஆனால் தொட்டியைத் திறக்கும் வேளையில் அவர் அங்கு இருக்கமாட்டார். அப்போது பின்வருவனவற்றை உறுதிசெய்ய வேண்டியவர் ஆலையின் மேற்பார்வையாளரே:

• ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதையும், நச்சுவாயு, எரிவாயு இல்லாமையையும் கருவியால் சோதித்தல்
• தொட்டிக்குள் தொடர்ந்து தூய காற்றைச் செலுத்துதல்
• இறங்குபவருக்கு உடற்கச்சையும் மீட்புக் கயிறும் அணிவித்தல்
• வெளியே கண்காணிப்பாளர் ஒருவரை இடைவிடாது நிறுத்துதல்
• மயங்கியவரை மீட்கச் சுவாசக் கருவியின்றி எவரும் இறங்காதவாறு தடுத்தல்

இவற்றில் எதுவும் செய்யப்படாமல் அனுமதிச் சீட்டில் மட்டும் கையொப்பம் இடப்படுமாயின், ஆவணம் நிறைவாகவும் உயிர் பாதுகாப்பற்றும் இருக்கும்.

ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது வேலையளிப்பவர் கவனிக்க வேண்டியவை

• குறிப்பிட்ட சோதனைக்கு உரிய அங்கீகாரம் அவருக்கு உள்ளதா என்பதையும், அதன் காலம் முடிவடையவில்லை என்பதையும் சரிபார்க்கவும்.
• தங்கள் தொழில்வகையில் அவருக்கு அனுபவம் உள்ளதா எனக் கேட்டறியவும்.
• பணியிடத்தை நேரில் பார்வையிட்டு, தொழிலாளர்களுடன் பேசிய பின்னரே அறிக்கை அளிக்க வேண்டும் என ஒப்பந்தத்தில் குறிப்பிடவும். வேறோர் ஆலைக்கு எழுதப்பட்ட அறிக்கையைப் பெயர் மாற்றி அளிப்பதை ஏற்க வேண்டாம்.
• பரிந்துரைகளின் வரிசையைக் கவனிக்கவும். அபாயத்தை அறவே நீக்குதல், தீங்கு குறைந்த பொருளுக்கு மாறுதல், காற்றுறிஞ்சி, இயந்திரக் காப்பு போன்ற பொறியியல் ஏற்பாடுகள், பணிமுறை மாற்றம் ஆகியவற்றுக்குப் பின்னரே முகக்கவசம், கையுறை போன்றவை வர வேண்டும். முகக்கவசத்தை மட்டும் பரிந்துரைக்கும் அறிக்கை நிறைவானதன்று.
• தாம் பரிந்துரைக்கும் பொருள்களைத் தாமே விற்பவராயின், அப்பரிந்துரையை மற்றொருவரிடமும் கேட்டு உறுதி செய்யவும்.
• ஒவ்வொரு குறைக்கும் அதனைச் சரிசெய்யும் பொறுப்பாளரின் பெயரையும் முடிவு நாளையும் நிறுவனமே குறிக்க வேண்டும். அடுத்த வருகையில் முந்தைய குறைகளின் நிலை முதலில் ஆராயப்பட வேண்டும்.

தொழிலாளர்கள் அறிய வேண்டியவை

• பணியிடத்தின் உடல்நல, பாதுகாப்பு நிலை பற்றிய தகவல்களை வேலையளிப்பவரிடம் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.
• உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதினால், அதனை வேலையளிப்பவருக்கும் அதே வேளையில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம்.
• மருத்துவப் பரிசோதனை நடத்தப்பட்டால் அதன் முடிவைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்து வைக்கவும். வேலை மாறிய பின்னர் வெளிப்படும் நோயின் காரணத்தை நிறுவ அது உதவும்.
• ஆலோசகர் ஆய்வுக்கு வரும்போது நீங்கள் நாள்தோறும் காணும் அபாயங்களை அவரிடம் எடுத்துரைக்கவும்.
• தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளோர், தொழில்சார் நோய்க்கும் அத்திட்டத்தில் பயன் பெற இயலும். சிகிச்சைக்குச் செல்லும்போது நீங்கள் செய்யும் வேலையையும் கையாளும் பொருள்களையும் மருத்துவரிடம் தவறாமல் கூறவும்.

பொது நிறுவனங்களின் உதவி

தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆலைகளின் பாதுகாப்பைக் கண்காணித்து வழிகாட்டுகிறது. மத்திய அரசின் கீழ்ச் சென்னையில் இயங்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் ஆய்வுகளையும் பயிற்சிகளையும் நடத்துகிறது. மேலும், பல நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பொதுவான தொழில்சார் நலச் சேவையை அமைத்துக்கொள்ளும் முறையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1985-ஆம் ஆண்டின் 161-ஆவது உடன்படிக்கை ஏற்கிறது. ஒரே தொழிற்பேட்டையில் உள்ள சிறு நிறுவனங்கள் இவ்வாறு ஒரு மருத்துவரையும் ஒரு பாதுகாப்பு நிபுணரையும் பகிர்ந்துகொண்டால் செலவு குறைவதுடன், ஆண்டுக்கொரு முறை வரும் ஆலோசகரால் இயலாத தொடர் கண்காணிப்பும் கிடைக்கும்.

நினைவில் கொள்க

அபாயத்தை அறிவதற்கு வெளியாரின் அறிவு உதவும். அதனை நீக்குவதற்கு வேலையளிப்பவரின் முடிவும் செலவும் அன்றாடக் கவனமும் தேவை. ஆலோசகரின் அறிக்கை கோப்பில் சேர்ந்த நாளன்று பணி நிறைவடைவதில்லை. அதில் குறிக்கப்பட்ட குறைகள் பணியிடத்தில் களையப்பட்ட நாளன்றே நிறைவடைகிறது.