ஆறு சென்ட் நிலமும் ரேஷன் அட்டையும்

இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939-ல் பிரிட்டன் தன் உணவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கப்பல்களில்தான் வரவழைத்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அக்கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியதும், கைக்கெட்டும் சில பொருள்களைக் கொண்டே ஒரு நாட்டை நோயின்றி வைத்திருக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

கேம்பிரிட்ஜில் ஊட்டச்சத்து ஆய்வாளர்களான ராபர்ட் மெக்கான்ஸும் எல்சி விடோசனும் அதைத் தம் உடம்பிலேயே சோதித்தார்கள். அவர்களும் சிறு குழு ஒன்றும் நாளுக்குச் சுமார் 140 மில்லி பால், வாரத்துக்கு ஒரு முட்டை, இறைச்சியும் மீனும் சேர்த்து 450 கிராம் என்ற அளவோடு நின்றார்கள். முழுக்கோதுமை ரொட்டி, உருளைக்கிழங்கு, காய்கறிக்கு மட்டும் வரம்பில்லை. மூன்று மாதத்துக்குப் பின் கடுங்குளிரில் ஏரி மாவட்டத்து மலைகளில் ஏறிப் பார்த்தபோது உடல் தளரவில்லை. வயிற்றில் வாயு சேர்ந்தது, நார் மிகுந்த உணவை மென்று தீர்க்க நெடுநேரம் பிடித்தது, இவை தொல்லைகளே. உண்மையான குறை சுண்ணாம்புச் சத்து. பால் குறைந்திருந்ததோடு, தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இருந்த கால்சியத்தையும் உடம்பில் சேரவிடாமல் தடுத்தது. மாவில் கால்சியம் கார்பனேட் கலக்க வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். பின்னர் அப்படியே கலக்கப்பட்டது.

ரேஷன் 1940 ஜனவரி 8 அன்று பதப்படுத்திய பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரையுடன் தொடங்கியது. உணவு அமைச்சர் வூல்டன் பிரபுவுக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தவர் ஜாக் டிரம்மண்ட். போர் நடந்த காலம் முழுவதும் ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் ரேஷன் இல்லை. அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான்: வயிறு நிறைவதற்குத் தடை கிடையாது, அருமையான பொருள்கள்தாம் பங்கிடப்பட்டன. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மலிவு விலையிலோ இலவசமாகவோ பால் கிடைத்தது. ஆரஞ்சு வராத குறையைத் தீர்க்க, வேலியோரக் காட்டு ரோஜாவின் கனிகளைப் பறித்துச் சாறு காய்ச்சினார்கள். வைட்டமின் சி அதில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம்.

காய்கறிக்கான வழி வீட்டுத் தோட்டங்களும் குத்தகைத் துண்டு நிலங்களுமே. வேளாண் அமைச்சகம் வகுத்துத் தந்த திட்டம் 90 அடிக்கு 30 அடி, அதாவது ஏறக்குறைய ஆறு சென்ட் நிலத்துக்கானது. நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் பட்டாணி, பீன்ஸ், வெங்காயம், அடுத்ததில் உருளைக்கிழங்கு, கேரட், மூன்றாவதில் முட்டைக்கோஸ் இனங்கள் என நட்டு, ஆண்டுதோறும் இடம் மாற்ற வேண்டும். பயறு வகைகள் மண்ணில் விட்டுச்செல்லும் தழைச்சத்து அடுத்து வரும் பயிருக்கு உதவும். ஒரே பாத்தியில் நோயும் நிலைக்காது. கோடையில் விளைந்து குவிவது பெரிதல்ல. கையிருப்பு தீர்ந்துபோகும் பனிக்காலக் கடைசியிலும் பறிக்கக் கீரை இருக்குமாறு நடுவதே இதில் கடினமான பகுதி. லண்டன் கோபுரத்தின் அகழியில்கூடக் காய்கறி பயிரானது. துண்டு நிலங்களின் எண்ணிக்கை 14 லட்சத்தை எட்டியது.

இந்த அக்கறை பேரரசு முழுவதற்கும் நீளவில்லை. அதே ஆட்சியின் கீழிருந்த வங்கத்தில் 1943-ல் லட்சக்கணக்கானோர் பட்டினியாலும் அதையொட்டி வந்த நோய்களாலும் மடிந்தார்கள். அதைச் சொல்லாமல் பிரிட்டனின் வெற்றியைப் பாராட்டுவது நேர்மையாகாது.

பிரிட்டனுக்குள் குழந்தை இறப்பு விகிதம் போரின் முடிவில், போருக்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. ரேஷன் 1954 ஜூலை 4 அன்று முற்றிலும் நீங்கியது. வெள்ளைக் கோதுமை மாவில் கால்சியம் கார்பனேட் சேர்க்கும் விதி மட்டும் அங்கே இன்னும் சட்டமாக இருக்கிறது.