ரக்பி லீக்: தொலைக்காட்சி மாற்றிய விளையாட்டு

வடக்கு இங்கிலாந்து கிளப்புகள் ஊதியப் பிரச்சினையால் 1895-ஆம் ஆண்டு ரக்பி யூனியனிலிருந்து பிரிந்ததில் உருவானது ரக்பி லீக். இதில் அணிக்கு 13 பேர் விளையாடுகின்றனர்.

இதன் விதிகளிலும் தொலைக்காட்சியின் தடம் உண்டு. பிபிசி-2 அலைவரிசை 1965-இல் மின்னொளி ஆட்டங்களுக்கான கோப்பைத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. ஓர் அணியே பந்தை நீண்ட நேரம் வைத்திருப்பதைத் தடுக்கும் நான்கு 'டேக்கிள்' வரம்பு, 1966-இல் இத்தொடரில் பரிசோதிக்கப்பட்டது. 1972-இல் அது ஆறாக உயர்ந்தது.

ரூபர்ட் மர்டாக் நிறுவனத்தின் 8.7 கோடி பவுண்ட் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, 1996-இல் இங்கிலாந்தின் முதன்மைத் தொடர் 'சூப்பர் லீக்' ஆனது. குளிர்கால ஆட்டம் கோடைக்கு மாறியது.

ஆஸ்திரேலியாவிலோ ஒளிபரப்பு உரிமைப் போட்டியால் 1997-இல் இரு தொடர்கள் தனித்தனியே நடைபெற்றன. அவை 1998-இல் 'என்ஆர்எல்' என இணைந்தபின் அணிகள் குறைக்கப்பட்டன. 1999-இல் நீக்கப்பட்ட பழம்பெரும் சவுத் சிட்னி, ரசிகர்களின் போராட்டத்துக்கும் சட்டப் போராட்டத்துக்கும் பிறகு 2002-இல் திரும்பியது.

வெளிநாட்டு ரசிகர்களை ஈர்க்க என்ஆர்எல் 2024-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஆட்டங்களை நடத்தியது. ரக்பி லீக்கைத் தேசிய விளையாட்டாகப் போற்றும் பப்புவா நியூ கினியின் அணி, 2028-இல் இத்தொடரில் இணைய உள்ளதாக அறிவிக்கப்பட்டுள்ளது.